தனிப்பட்ட ஷேர்டு லைப்ரரிகளை லினக்ஸ் பேக்கேஜுக்குள் வைப்பது எப்படி?

உங்களிடம் ஒரு நிரல் இருக்கிறது. அதற்கு மட்டுமே பயன்படும் இரண்டு ஷேர்டு லைப்ரரிகளும் (நிரல் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் .எஸ்ஓ கோப்புகள்) இருக்கின்றன. மூன்றையும் ஒரே பேக்கேஜாகக் கட்ட வேண்டும். இதில் வேலை இரண்டு. உங்கள் நிரலின் கண்ணுக்கு அந்த லைப்ரரிகள் பட வேண்டும். மற்ற நிரல்களின் கண்ணுக்குப் படக் கூடாது. முதல் வேலையை யாரும் மறப்பதில்லை, மறந்தால் நிரலே ஓடாது. இரண்டாவதை விட்டுவிட்டாலும் உங்கள் நிரல் நன்றாகவே ஓடும். அடி விழுவது வேறு யாரோ எழுதிய நிரலுக்கு.

நிரலின் பெயர் மலர் என்று வைத்துக்கொள்வோம். அது லிப்மையம் என்ற லைப்ரரியை அழைக்கிறது, லிப்மையம் லிப்எழுத்து என்ற இன்னொன்றை அழைக்கிறது. கட்டளைகளை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: எது தனிப்பட்டது என்று பாருங்கள்

'ரீட்எல்ஃப் -டி மலர்' என்று அடித்தால் 'நீடட்' என்ற சொல் உள்ள வரிகள் வரும். நிரல் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகள் அவைதான். 'எல்டிடி' கட்டளை மறைமுகமாகத் தேவைப்படுபவற்றையும் சேர்த்துக் காட்டும். ஆனால் எல்டிடி சில சமயம் நிரலையே இயக்கிவிடக்கூடும் என்பதால், நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்த கோப்பில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

பட்டியலில் ஜீலிப், ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற பல நிரல்களும் பயன்படுத்தும் பொது லைப்ரரிகள் இருந்தால் அவற்றின் பிரதியை உள்ளே அடைக்க வேண்டாம். டிஸ்ட்ரோவில் (ஃபெடோரா, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீட்டில்) இருப்பதையே சார்ந்திருங்கள். நாளைக்கு ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைபடும்போது, நீங்கள் உள்ளே வைத்த பழைய பிரதிக்கு அந்தத் திருத்தம் வந்து சேராது.

படி 2: தனி டைரக்டரி கொடுங்கள்

லிப்மையம், லிப்எழுத்து இரண்டையும் '/யுஎஸ்ஆர்/லிப்/மலர்' என்ற டைரக்டரியில் வையுங்கள். 64 பிட் ஃபெடோராவில் லிப் இருக்கும் இடத்தில் லிப்64 வரும். நேராக '/யுஎஸ்ஆர்/லிப்' உள்ளேயே போட்டால், அது எல்லா நிரல்களும் தேடும் பொது இடம். '/இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி' உள்ளே ஒரு கோப்பு போட்டு, பொதுத் தேடல் பட்டியலில் உங்கள் டைரக்டரியைச் சேர்ப்பதும் கிட்டத்தட்ட அதேதான்.

லைப்ரரிகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியை அமைத்துவிட்டு நிரலைத் தொடங்கும் சிறு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் உண்டு. மலர் தனக்குள்ளிருந்து ஒரு பிரவுசரைத் திறந்தால், அந்த மாறி பிரவுசருக்கும் போய்ச் சேரும். பிரவுசரும் உங்கள் டைரக்டரியில்தான் முதலில் தேடும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதைத் தொடுங்கள்.

படி 3: பாதையை நிரலுக்குள்ளேயே எழுதுங்கள்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லிங்க் செய்யும்போது, அதாவது நிரலை லைப்ரரிகளோடு இணைக்கும்போது, ஜிசிசி கம்பைலருக்கு இந்த விருப்பத்தைக் கொடுங்கள்:

-டபிள்யூஎல்,-ஆர்பாத்,'$ஆரிஜின்/../லிப்/மலர்'

ஆரிஜின் என்பதை முழுக்கப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். கோப்பு எந்த டைரக்டரியில் இருக்கிறதோ அதுதான் அதன் பொருள். மலர் '/யுஎஸ்ஆர்/பின்' உள்ளே இருந்தால், பாதை '/யுஎஸ்ஆர்/லிப்/மலர்' என்று முடியும். ஒற்றை மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் ஷெல் அதைத் தன் மாறி என்று நினைத்து வெற்றாக்கிவிடும். மேக்ஃபைலுக்குள் எழுதினால் டாலர் குறியை இரண்டு முறை போட வேண்டும். சிமேக் பயன்படுத்தினால் 'சிமேக்_இன்ஸ்டால்_ஆர்பாத்' மாறியில் கொடுங்கள்.

சரி, ஒழுங்காகப் பதிந்ததா? மறுபடி 'ரீட்எல்ஃப் -டி' போட்டு 'ரன்பாத்' வரியைப் பாருங்கள், நீங்கள் கொடுத்த பாதை பதிவது அங்கேதான். அதில் '$ஆரிஜின்' இல்லாமல் வெறும் '/../லிப்/மலர்' என்று இருந்தால், ஷெல் விழுங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து வருவதில்தான் தொடங்குபவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ரன்பாத் எந்தக் கோப்பில் இருக்கிறதோ, அந்தக் கோப்பு நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டுமே செல்லும். மலருக்குள் எழுதிய பாதையால் லிப்மையம் கிடைத்துவிடும். ஆனால் லிப்மையம் கேட்கும் லிப்எழுத்தை அந்தப் பாதையில் யாரும் தேட மாட்டார்கள். பழைய 'ஆர்பாத்' குறிப்பு இப்படியல்ல, அது கீழே வரைக்கும் செல்லும். ஆனால் இப்போது பல டிஸ்ட்ரோக்களில் லிங்கர் இயல்பாக எழுதுவது ரன்பாத்தைத்தான். தீர்வு சுலபம்: லிப்மையத்தை லிங்க் செய்யும்போது அதற்கும் ஒரு ஆர்பாத் விருப்பம் கொடுங்கள். இரண்டும் ஒரே டைரக்டரியில் இருப்பதால் வெறும் '$ஆரிஜின்' போதும்.

மூல நிரல் கையில் இல்லையென்றால் 'பேட்ச்எல்ஃப்' கருவி உதவும். 'பேட்ச்எல்ஃப் --செட்-ஆர்பாத்' என்று போட்டுப் பாதையையும் கோப்பின் பெயரையும் கொடுத்தால், கட்டி முடித்த கோப்பிலேயே மாற்றிவிடும்.

படி 4: பேக்கேஜ் விவரத்திலிருந்து மறையுங்கள்

நான் ஒருமுறை, படக் கோப்புகளைத் திறக்கும் பிரபலமான லைப்ரரி ஒன்றின் மாற்றியமைத்த பிரதியை என் ஆர்பிஎம் (ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் பேக்கேஜ் வகை) பேக்கேஜுக்குள் வைத்தேன். தனி டைரக்டரி, சரியான ரன்பாத், எல்லாம் இருந்தது. சோதனைக் கணினியில் முதலில் என் பேக்கேஜை நிறுவினேன், அப்புறம் இன்னொரு பட நிரலை நிறுவினேன். அந்தப் பட நிரல் திறக்கவே இல்லை, லைப்ரரி கிடைக்கவில்லை என்றது. நடந்தது இதுதான்: ஆர்பிஎம் என் பேக்கேஜுக்குள் இருந்த .எஸ்ஓ கோப்பைப் பார்த்து, 'இந்த லைப்ரரியை நான் தருகிறேன்' என்று தானாகவே எழுதிவிட்டது. பேக்கேஜ் மேலாளர் அதை நம்பி உண்மையான லைப்ரரியை நிறுவாமல் விட்டுவிட்டது. என் டைரக்டரியிலோ அந்தப் பட நிரல் தேடாது.

அதனால் ஆர்பிஎம்மை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ஸ்பெக் கோப்பின் மேலே இரண்டு மேக்ரோக்கள் வேண்டும். '__ப்ரொவைட்ஸ்_எக்ஸ்க்ளூட்_ஃப்ரம்' என்பதில் உங்கள் தனி டைரக்டரியின் பாதையைக் குறிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கும் வடிவத்தை) கொடுங்கள். '__ரிக்கொயர்ஸ்_எக்ஸ்க்ளூட்' என்பதில் லிப்மையம், லிப்எழுத்து பெயர்களைக் குறிக்கும் ஒன்றைக் கொடுங்கள். முதலாவதை மட்டும் போட்டால், 'தருகிறேன்' என்ற வரி போய்விடும், 'எனக்கு லிப்மையம் வேண்டும்' என்ற வரி மிச்சமிருக்கும். தர யாரும் இல்லாததால் பேக்கேஜை நிறுவவே முடியாது. இரண்டாவதில் பெயர்களைக் குறிப்பாகக் கொடுங்கள். டைரக்டரி முழுவதையும் விலக்கினால், உங்கள் லைப்ரரிகளுக்கு உண்மையிலேயே தேவைப்படும் மற்ற சார்புகளும் சேர்ந்து மறைந்துவிடும்.

கட்டிய பிறகு 'ஆர்பிஎம் -கியூபி --ப்ரொவைட்ஸ்', 'ஆர்பிஎம் -கியூபி --ரிக்கொயர்ஸ்' இரண்டையும் பேக்கேஜ் கோப்பின் மேல் ஓட்டுங்கள். இரண்டிலும் உங்கள் லைப்ரரிப் பெயர்கள் வரக் கூடாது.

டெபியன் பக்கம், 'டிஹெச்_மேக்ஷ்லிப்ஸ்' கட்டளைக்கு பெரிய எக்ஸ் விருப்பத்தோடு உங்கள் டைரக்டரியின் பெயரைக் கொடுங்கள். எந்த லைப்ரரியை எந்தப் பேக்கேஜ் தருகிறது என்று சொல்லும் ஷ்லிப்ஸ் கோப்பில் உங்கள் லைப்ரரிகள் ஏறாது.

படி 5: சுத்தமான இடத்தில் ஓட்டிப் பாருங்கள்

நீங்கள் நிரலைக் கட்டிய கணினியில் சோதிப்பது ஏமாற்றும். பில்டு டைரக்டரியின் பாதை தப்பித் தவறி கோப்புக்குள் பதிந்திருந்தால், அங்கே எல்லாம் ஓடும், வெளியே எதுவும் ஓடாது. புதிதாக ஒரு கன்டெய்னர் (மற்றவற்றிலிருந்து பிரிந்த சுத்தமான சூழல்) திறந்து, பேக்கேஜை மட்டும் நிறுவி இயக்குங்கள். ஓடவில்லை என்றால் 'எல்டி_டீபக்=லிப்ஸ்' என்று முன்னால் சேர்த்து மறுபடி இயக்குங்கள். எந்த லைப்ரரியை எந்தெந்த டைரக்டரியில் தேடியது, எங்கே கிடைத்தது என்று வரிவரியாகச் சொல்லும். லிப்மையம் கிடைத்து லிப்எழுத்து கிடைக்கவில்லை என்று வந்தால், மூன்றாம் படியில் சொன்ன இரண்டாவது ரன்பாத்தை விட்டிருக்கிறீர்கள்.

அதே கன்டெய்னரில், பொதுவாகத் தெரியும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் 'எல்டிகான்ஃபிக் -பி' போட்டு லிப்மையம் என்ற பெயரைத் தேடுங்கள். அது அங்கே வந்தால் இரண்டாம் படிக்குத் திரும்ப வேண்டும்.