'லக்னா': ஆங்கிலம் வழியாகப் போனால் வரும் தவறுகள்

இந்தி, உருது கற்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் வினைச்சொல் 'லக்னா'. ('தங்கம்' என்பதில் வரும் க ஒலி.) ஒட்டுதல், படுதல் என்பது அடிப்படைப் பொருள். ஜாதகத்தில் வரும் லக்னமும் இதே வடமொழி வேரிலிருந்து பிறந்ததுதான். பசி, அடி, தீ, நேரம், செலவு, உறவு என்று எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் வரும்.

முதல் தவறு 'மைன்' (நான்) என்று தொடங்குவது. ஆங்கிலத்தில் 'நான்' முன்னால் நிற்பதால் வரும் தவறு இது. பசிக்கும்போது 'முஜே பூக் லகீ ஹை' என்றுதான் சொல்ல வேண்டும். தமிழிலும் 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோமே, அதே அமைப்பு. 'முஜே லக்தா ஹை' என்றால் 'எனக்குப் படுகிறது'. ஊர் பிடித்திருக்கிறது என்பதற்கு 'முஜே யஹ் ஷஹர் அச்சா லக்தா ஹை'. இங்கே 'மைன் அச்சா லக்தா ஹூன்' என்றால், 'நான் பார்க்க நன்றாக இருக்கிறேன்' என்று ஆகிவிடும்!

சொல்பவர் ஆணாக இருந்தாலும் பசி 'லகீ'தான், 'லகா' அல்ல. பூக் பெண்பால், வினை அதைத்தான் பின்பற்றும். ப்யாஸ் (தாகம்), சோட் (அடி), தேர் (தாமதம்) எல்லாம் அப்படியே.

அடுத்தது 'நே', அதாவது இறந்தகாலத்தில் செய்தவரைக் குறிக்கும் சொல்லோடு சேரும் உருபு. இறந்தகாலம் என்றதும் 'மைனே சோட் லகீ' என்பவர்கள் உண்டு. லக்னா 'நே' ஏற்காது; 'முஜே சோட் லகீ' என்பதே சரி. 'நே' வருவது அதன் பிறவினையான 'லகானா'வுக்கு. இந்த இரண்டையும் குழப்பினால் விபரீதம். 'ஆக் லகீ' என்றால் தீப்பிடித்தது. 'உஸ்னே ஆக் லகாயீ' என்றால் அவன் தீ வைத்தான். 'ஹாத் லக்னா' கைக்குக் கிடைப்பது, 'ஹாத் லகானா' தொடுவது.

ஒரு செயல் தொடங்குவதைச் சொல்லவும் லக்னா உதவும். அப்போது முன்வினை 'னே' என்று முடிய வேண்டும்: 'பாரிஷ் ஹோனே லகீ', மழை பெய்யத் தொடங்கியது. 'ஹோனா லகீ' தவறு.

மரபுத்தொடர்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதீர்கள். 'ஆங்க் லக் கயீ' என்பவருக்குக் கண்ணில் அடிபடவில்லை. கண் அசந்துவிட்டது, அவ்வளவுதான். 'நஸர் லக் கயீ' நம் 'கண் பட்டுவிட்டது'. 'மன் நஹீன் லக்தா' என்றால் மனம் ஒட்டவில்லை. 'பாத் லக் கயீ' என்றால் சொன்ன சொல் தைத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது உறவு கேட்கும் தொடர். 'வே ஆப்கே க்யா லக்தே ஹைன்?' என்று கேட்டால், 'பார்க்க எப்படி இருக்கிறார்' என்று நினைத்து 'அச்சா' என்று பதில் சொல்லாதீர்கள். 'அவர் உங்களுக்கு என்ன வேணும்?' என்று நாம் கேட்பதே அது. 'மேரே மாமா லக்தே ஹைன்' என்று முறையைச் சொன்னால் போதும்.