மலைச்சரிவில் தோட்டம் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரியில் தோட்ட வடிவமைப்பைப் புதிதாகத் தொடங்குபவர்கள் காட்டும் வரைபடங்களில், தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளையே திரும்பத் திரும்பக் காண்கிறேன். கையால் வரைவதா, மென்பொருளில் வரைவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிலத்தை எப்படி அளந்தோம் என்பதை எவரும் பேசுவதில்லை. திசை குறிக்காதது, அளவுகோல் எழுதாதது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

சரிவின் நீளத்தை அப்படியே வரைவது

நாடாவைச் சரிவோடு படியவைத்து அளந்தால் கிடைப்பது சரிவின் நீளம். மேலிருந்து பார்ப்பதுபோல் வரையும் தளப்படத்துக்கு வேண்டியது கிடைமட்ட நீளம். பழைய தேயிலை நிலம் ஒன்றில் அப்படி 20 மீட்டர் அளந்து, அந்த எண்ணை மென்பொருளில் இட்டு, 4 மீட்டர் அகலத்தில் ஐந்து அடுக்குகள் வரைந்தேன். சாய்வு 30 பாகை. ஆகவே கிடைமட்டத்தில் இருந்தது 17.3 மீட்டர்தான், இறக்கமோ 10 மீட்டர். தடுப்புச் சுவர்களின் தடிமனைக் கழிப்பதற்கு முன்பே ஐந்தாவது அடுக்குக்கு 1.3 மீட்டர்தான் மிஞ்சியது. அடுக்குக்கு அடுக்கு 2 மீட்டர் உயரச் சுவர் வேண்டும் என்பதும் கல் வந்து இறங்கிய பிறகே தெரிந்தது. கட்டிய இரண்டு சுவர்களைப் பிரித்துக் கட்டிய கூலியை நானே கொடுத்தேன்.

திரையில் கோடுகள் அத்தனை துல்லியமாகத் தெரிந்ததால் உரிமையாளரோ மேஸ்திரியோ நானோ அந்த எண்ணைச் சந்தேகிக்கவில்லை. தாளில் வரைந்திருந்தாலும் இதே பிழைதான் நேர்ந்திருக்கும். நாடாவை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டால் புள்ளி குறித்து, சிறு சிறு தூரமாக இறங்கி அளக்க வேண்டும். உயர வேறுபாட்டுக்குக் கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபே போதும். பிறகு தாளில், சரிவைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்துவிட்டு மென்பொருளைத் திறக்கலாம். 1848-இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்கா தொட்டபெட்டாவின் கீழ்ச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுவதைப் பார்த்து வருபவர்கள்கூட மேலிருந்து பார்க்கும் தளப்படத்தை மட்டும் வரைந்து கொண்டுவருவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ஊரைக் குறிக்காமல் நிழல் பார்ப்பது

ஊட்டி ஏறத்தாழ 11.4 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். மென்பொருளில் வடக்கே வெகுதொலைவிலுள்ள வேறு நாட்டு ஊர் இருந்தால், வீட்டின் வடபுறம் ஆண்டு முழுவதும் நண்பகலில் நிழல் என்று அது காட்டிவிடும்; அதை நம்பி அங்கே நட்ட பெரணிகள் மே மாத வெயிலில் கருகும்.

முழு மரத்தை வரைவது

நாம் மண்ணில் நடப்போவது சிறு மரக்கன்றுதான், முழு மரமல்ல.

பள்ளத்து மூலையை வேலியால் அடைப்பது

டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குவதால்தான் அங்கே உறைபனி அதிகம். சரிவின் அடியில் குறுக்காக அடர்ந்த வேலி வைத்தால் அந்தக் காற்று தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிடும். ஆகையால் குறுக்குவெட்டுப் படத்தில் அது வெளியேறும் வழியையும் ஓர் அம்புக்குறியால் காட்டிவிடுங்கள்.