கியர் விழவில்லையா? முதலில் இன்ஜினை அணைத்துப் பாருங்கள்

கியர் விழ மறுத்தால் உடனே கியர் பாக்ஸைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்போது வழுக்கிக்கொண்டு விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். கிளட்ச் கேபிளில் இயங்கும் வண்டி என்றால் கேபிளின் தளர்ச்சியையும், ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தில் இயங்கும் கிளட்ச்) என்றால் ஆயில் அளவையும் கசிவையும் பாருங்கள். பெடலை இரண்டு மூன்று முறை அடித்து மிதித்ததும் கியர் விழுகிறதா? ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கலாம், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் தேய்ந்திருக்கலாம்.

இன்ஜின் அணைந்திருந்தும் இறுக்கமாக இருந்தால் கியர் லிவரின் கேபிள், புஷ் (இணைப்புகளில் இருக்கும் சிறு வளையம்) பக்கம் போங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் சந்தேகம் அந்த கியரின் சிங்க்ரோனைசர் (கியர் விழும்முன் சுழலும் வேகங்களைச் சமப்படுத்தும் பாகம்) மேல்.

அப்புறம், நான்காவது கியரில் மேடு ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்த, ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மட்டும் எகிறி வண்டியின் வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அதோடு கருகல் வாடையும் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், கிளட்ச் தட்டு அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரமான ஃப்ளைவீலும் கெட்டுவிடும்.