மாதுளை போன்சாய் பூக்கவில்லையா? முதலில் கத்தரியை ஒளித்து வையுங்கள்

என்னிடம் உள்ள மாதுளை போன்சாய் (சின்னத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) நான்கு வருடம் ஒரு பூ கூட விடவில்லை. அடிமரம் தடித்தது, இலை பளபளவென்று இருந்தது, பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பூ மட்டும் இல்லை. ஐந்தாம் வருடம் பூத்தது. நடுவில் என்ன மாற்றினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். மண் கலவை, தொட்டியில் வடிகால் துளை எல்லாம் ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. செடி எப்படி வந்தது?
விதையில் முளைத்த சாதாரண மாதுளை பூக்க வருடக்கணக்கில் ஆகலாம். பூத்துக்கொண்டிருக்கும் மரத்திலிருந்து குச்சியோ பதியமோ போட்டால் காத்திருப்பு குறையும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ‘நானா’ என்ற குட்டை ரகத்தை வாங்குங்கள். இலையும் பூவும் சிறியவை, சின்ன வயதிலேயே பூக்கும்.

2. வெயில்
தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். ஜன்னலோரம் போதாது.

3. கிள்ளுவதை நிறுத்துங்கள்
நான் கோட்டைவிட்டது இங்கேதான். போன்சாய் என்றாலே நுனி கிள்ளிக் கிள்ளி அடர்த்தியாக்க வேண்டும் என்று பழகிவிட்டேன். வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை கத்தரியோடு உட்கார்ந்துவிடுவேன். மாதுளையோ அந்தப் பருவத்தில் விடும் புதுத் தளிரின் நுனியில்தான் பெரும்பாலும் மொட்டு வைக்கும். அதாவது, வாராவாரம் பூவைத்தான் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இது தெரிந்ததும் தற்செயலாகத்தான். பின்பக்கம் சுவரை ஒட்டியிருந்த ஒரு குட்டிக் கிளை கத்தரிக்குத் தப்பியிருந்தது. அதன் நுனியில் குன்றிமணி அளவில் சிவப்பாக ஏதோ ஒன்று. பூச்சி என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன். தொட்டால் கெட்டியாக, வழவழப்பாக இருந்தது. மொட்டு!

இப்போது செய்வது இதுதான். தளிர் விடும் முன் ஒரே ஒரு முறை நன்றாகக் கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது. அப்புறம் பூக்கும் வரை நுனியைத் தொடுவதில்லை. அடியிலிருந்து விறுவிறுவென்று நிமிர்ந்து வரும் போத்துகளை மட்டும் எடுத்துவிடுவேன். மெதுவாக வளரும் குட்டைக் கிளைகள்தான் பூ தரும், அவற்றை விடுங்கள். சில வாரம் மரம் தலைவாராத பிள்ளை மாதிரி நிற்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். உருவத்தைப் பூ முடிந்தபின் சரிசெய்யலாம்.

கத்தரி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். அலகு குறுகலான, கூர்மையான சின்னக் கத்தரி போதும். தோட்டத்துப் பெரிய கத்தரி மெல்லிய குச்சியை நசுக்கிவிடுகிறது. கிளையை வளைத்து உருவம் கொடுக்கக் கம்பி கட்டுவதானால் அலுமினியம். மாதுளையின் முற்றிய கிளை படக்கென்று ஒடியும், இளங்கிளையை மட்டும் வளையுங்கள்.

4. உரம்
தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானால் இலைதான் கொழிக்கும். தளிர் விட்டதும் தழைச்சத்து குறைவாகவும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாகவும் உள்ள உரத்துக்கு மாறினேன்.

5. தொட்டி மாற்றம்
வருடா வருடம் மாற்றியதும் என் தவறு. வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் மாதுளை நன்றாகவே பூக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பிற்சேர்க்கை: மொட்டு வந்து உதிர்ந்துவிடுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒருநாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் அப்படித்தான் ஆகும். ஆழமில்லாத தொட்டி கோடையில் மதியத்துக்குள் காய்ந்துவிடும், மாலையிலும் விரலை விட்டு ஈரம் பாருங்கள்.

பூவே விரிந்து உதிர்ந்தால் பயப்பட வேண்டாம். மாதுளையில் இரண்டு விதப் பூ உண்டு. அடி குறுகி மணி மாதிரி இருப்பது உதிர்ந்துபோகும். அடி பருத்துக் குடம் மாதிரி இருப்பதுதான் காய் பிடிக்கும். காய் பிடித்தால் ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள், சின்ன மரம் அவ்வளவு பாரம் தாங்காது. அடுக்கு இதழ் ரகம் வைத்திருப்பவர்கள் காயை எதிர்பார்க்க வேண்டாம், பெரும்பாலும் பூவோடு சரி.