கோடுகளை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்தேன்

புது வாடகை வீட்டில் போன் சிக்னல் மூன்று கோடு காட்டும். பேசினால் குரல் விட்டு விட்டு வரும். ஏர்பிளேன் மோடு, நெட்வொர்க் ரீசெட், அதே நம்பருக்குப் புது சிம் எல்லாம் பார்த்தாயிற்று. மாற்றமே இல்லை.

அப்புறம் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போய் சிக்னல் அளவைப் பார்த்தேன்: -117 டிபிஎம் (சிக்னல் வலிமையைச் சொல்லும் அலகு). மைனஸ் கணக்கு என்பதால் பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் -90 பக்கம் இருந்தால் நிம்மதி, -110க்குக் கீழே போனால் தொல்லை. எந்த அளவுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி கிடையாது. போனுக்குப் போன் மாறும்.

பக்கத்து வீட்டு அண்ணனிடம் வேறு கம்பெனி சிம் இருந்தது. அதை வாங்கி என் போனிலேயே போட்டேன். இதுதான் முக்கியம்: ஆன்டெனா ஒவ்வொரு போனிலும் வேறு, அவர் போனில் தெரியும் எண் எனக்கு உதவாது. இரண்டையும் 4ஜியிலேயே வைத்து ஒப்பிட்டேன். அண்ணன் சிம்மில் படுக்கையறையில் -94. நெரிசலான இரவு நேரத்தில் பேசியும் பார்த்தேன், தடங்கல் இல்லை.

உடனே போர்ட் செய்ய, அதாவது அதே நம்பரோடு அந்தக் கம்பெனிக்கு மாற, முடியவில்லை. நம்பருக்குப் புது சிம் மாற்றி வாங்கி 7 நாள் ஆகாமல் 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், போர்ட் செய்யத் தேவையான குறியீடு கிடைக்காது. 2024 ஜூலையிலிருந்து இந்த விதி. காத்திருந்து மாறினேன். இப்போது சமையலறையில் நின்றும் தெளிவாகப் பேச முடிகிறது.