அயடீன் சேர்த்தால் மின் கூடுதலாக ஓடுமா? மேசையில் அளந்து பார்க்கும் முறை

உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அயடைட்டுக் கரைசலில் அயடீனைப் போட்டதும் அது கடும் கபில நிறமாகிவிடும். அதைப் பார்த்ததும் கடத்துதிறனும் ஏறியிருக்கும் என்றுதான் அநேகமான பிள்ளைகள் நினைக்கிறார்கள். தண்ணீரில் அது இறங்குகிறது. பல பல்பகுதியங்களில், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்களில்தான் ஏறுகிறது. முதலாவதை நீங்களே அளந்து பார்க்கலாம்.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். அதில் ஊறிவரும் நீரில் கல்சிய அயன்கள் ஏற்கெனவே நிறைய உண்டு. பற்றறிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரை எடுங்கள். பாமசி அயடீனும் சரிவராது: டிங்சரில் அற்ககோல் இருக்கிறது, காயத்துக்குப் பூசும் பொவிடோனில் அயடீன் ஒரு பல்பகுதியத்தோடு பிணைந்திருக்கிறது. ஆய்வுகூடப் பளிங்கே வேண்டும்.

இரண்டு போத்தலிலும் 100 மில்லிலீற்றர் நீருக்கு 1.66 கிராம் பொற்றாசியம் அயடைட்டைக் கரையுங்கள். ஒன்றில் மட்டும் 0.51 கிராம் அயடீனையும் போட்டு, மூடி, ஆறுதலாகக் குலுக்குங்கள். சூடாக்க வேண்டாம், ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். பிறகு இரண்டையும் ஒரே தண்ணீர்ச் சட்டியில் வையுங்கள். வெப்பநிலை ஒரு பாகை மாறினாலே கடத்துதிறன் 2 சதவீதமளவில் மாறிவிடும்.

நீளவாக்கில் பிளந்த பீவீசி குழாயின் இரு அந்தத்தையும் அடைத்தால் தொட்டி தயார். பழைய ரோச் பற்றறியின் காபன் கோல்களே மின்வாய்கள். இரும்பை அயடீன் அரித்துவிடும். 6 வோல்ட் ட்ரான்ஸ்போமர், 220 ஓம் தடை, தொட்டி மூன்றையும் தொடராக இணையுங்கள். மீற்றரின் ஓம் வீச்சை நம்ப வேண்டாம், அது நேரோட்டம். மின்வாயில் தாக்கம் நடந்து வாசிப்பு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆடலோட்டத்தில் 20 வோல்ட் வீச்சுள்ள மீற்றரால் தொட்டிக்கு இடையிலும் தடைக்கு இடையிலும் வோல்ட்டை அளந்து, முன்னதைப் பின்னதால் பிரித்து 220 ஆல் பெருக்கினால் தொட்டியின் தடை.

இனித்தான் முக்கியமான இடம். கோல்களை 5 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒருமுறையும் 10 சென்ரிமீற்றர் தூரத்தில் ஒருமுறையும் வைத்து அளந்து, பெரிய தடையிலிருந்து சிறியதைக் கழியுங்கள். அயடைட்டும், அது அயடீனோடு சேர்ந்து உண்டாகும் மூவயடைட்டும் சேர்ந்திருந்தால் மின்வாயின் மேற்பரப்பில் இலத்திரன் பரிமாற்றம் இலகுவாகிறது. ஒரே தூரத்தில் அளப்பவருக்கு அது கடத்துதிறன் கூடியதுபோலத் தோன்றும். கழித்தால் மின்வாயின் பங்கு போய்விடும், கரைசலின் பங்கு மிஞ்சும். தொட்டியில் ஒவ்வொரு முறையும் ஒரே கனவளவைச் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள்.

அயடீன் போட்ட போத்தலில் தடை ஏறத்தாழ 5 சதவீதம் கூட வேண்டும். அயன்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஓர் அயடைட்டு ஓர் அயடீன் மூலக்கூறைப் பிடித்து மூவயடைட்டாகிறது, அவ்வளவுதான். ஆனால் அயடைட்டின் மூலர்க் கடத்துதிறன் (S cm² mol⁻¹ அலகில்) 77 அளவென்றால், பருத்த மூவயடைட்டுக்கு 41 தான்.

அப்புறம் அகர் அகரில் செய்து பாருங்கள். அதே அயடைட்டுக் கரைசலில் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம். காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் அயடீன். விடை கரைசலை ஒட்டியே வரும், ஏனென்றால் களியின் துளைகளுக்குள்ளும் தண்ணீர்தான். உண்மையான பல்பகுதிய மின்பகுபொருளை, அதாவது தண்ணீருக்குப் பதில் பல்பகுதியத்திலேயே அயன்கள் கரைந்திருக்கும் பொலிஎதிலீன் ஒட்சைட்டு போன்றதை, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில்தான் அளக்கலாம். அங்கே அயன் நகர இடமில்லாமல் திணறுகிறது. நெருங்கி நிற்கும் மூவயடைட்டு தன் அயடீனைப் பக்கத்து அயடைட்டிடம் கொடுக்கிறது. வாளி கைமாறுவதுபோல ஏற்றம் முன்னேறுகிறது, ஆள் நகரவில்லை. பல்பகுதியத்தின் சங்கிலிகளை அயடீன் இளக்கியும் விடுகிறது. 1991இல் ஓறீகன், கிறேற்சல் என்ற விஞ்ஞானிகள் காட்டிய, சாயம் ஒளியைப் பிடித்து மின் தரும் சூரியக்கலத்தில் இதே அயடைட்டு–மூவயடைட்டு இணைதான் வேலை செய்தது. அதற்காக அங்கே அயடீனை அள்ளிப்போட முடியாது: அது ஒளியை விழுங்கும், தைத்தேனியம் ஒட்சைட்டிலுள்ள இலத்திரன்களையும் பறிக்கும்.

மீதிக் கரைசலில் விற்றமின் சி குளிசையை நொறுக்கிப் போட்டுக் கபிலம் போகும்வரை கலக்குங்கள். பிறகும் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம், சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியே அது நேரே கீழே போய்விடும்.