இயர்பட்ஸ்ல பேஸே வரலையா? செட்டிங்ஸ தொடுறதுக்கு முன்னாடி காத பாருங்க

போன வருஷம் 1,800 ரூவாய்க்கு ஒரு இயர்பட்ஸ் வாங்குனேன், வீட்டுல வந்து மாட்டுனா தகர டப்பாக்குள்ள கல்ல போட்டு ஆட்டுன மாதிரி ஒரு சவுண்டு. ரெண்டு நாளு ஈக்வலைசர்ல, அதான் சத்தத்த தனித்தனியா கூட்டி கொறைக்குற செட்டிங்ஸ்ல, மல்லுக்கட்டி பாத்தேன், பேஸ, அதான் கனமா இடிக்குற அடி சத்தத்த, உச்சிக்கு ஏத்துனா பாடுறவரு தலகாணில மொகத்த புதைச்சுட்டு பாடுற மாதிரி ஆயிட்டு. செரி சவம் கேடு போலன்னு மார்த்தாண்டத்துல இருந்து பஸ் ஏறி நாகர்கோவில் கடைக்கே கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் டப்பாவ தொறந்து, நான் பிரிக்காமலே போட்டு வச்சிருந்த கவருல இருந்து பட்ஸ் முனைல மாட்டுற பெரிய ரப்பர எடுத்து மாட்டி குடுத்துட்டு "இப்போ கேளு மக்கா"ன்னாரு. கேட்டா வேற பட்ஸ் மாதிரி இருக்கு. பஸ் டிக்கெட்டும் ரெண்டு நாளும்தான் நஷ்டம்.

அதனால நான் சொல்லுற வரிசைலயே பாருங்க, நம்மள்ல முக்காவாசி பேரு கடைசில செய்ய வேண்டியத மொதல்ல செஞ்சுட்டு சவுண்டு கொள்ளாதுன்னு சொல்லிட்டு திரியுறோம்.

ஸ்டெப் 1: ரப்பர்

பட்ஸ்க்குள்ள இருக்குறது ரொம்ப சின்ன ஸ்பீக்கர், காது ஓட்டை நல்லா அடைஞ்சு இருந்தாதான் அதால பேஸ் குடுக்க முடியும். லேசா கேப் இருந்தாலும் பேஸ் அது வழியா வெளிய போயிரும், கீச்சுன்னு இருக்குற சத்தம் மட்டும் மிஞ்சும். இத கண்டுபிடிக்க ஆப் எதுவும் வேண்டாம், பாட்ட ஓட விட்டு பட்ஸ விரலால பைய உள்ள அமுக்குங்க, பேஸ் சட்டுன்னு கூடுச்சுன்னா உங்க ரப்பர் சைஸ் சரியில்லன்னு அர்த்தம். ரெண்டு காதையும் தனித்தனியா பாக்கணும், எனக்கு வலது காதுக்கு மீடியமும் இடதுக்கு லார்ஜும்தான் சேருது, ரெண்டும் ஒரே சைஸா இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் கெடையாது.

மாட்டுறதுக்கும் ஒரு முறை இருக்கு. எதிர் பக்கத்து கைய தலைக்கு பின்னாடி கொண்டு போயி காத மேலயும் பின்னாலயும் லேசா இழுத்து புடிச்சுட்டு, பட்ஸ வச்சு கொஞ்சம் திருப்பி விடுங்க, ஓட்டை நேராகி சொகமா உள்ள போயி உக்காரும். எந்த ரப்பரும் நிக்கலன்னா ரப்பருக்கு பதிலா பஞ்சு மாதிரி இருக்குற ஃபோம் டிப் வாங்கலாம், நசுக்கி உள்ள வச்சு அது விரியுற வரைக்கும் அரை நிமிஷம் புடிச்சுக்கணும், ஆனா வேர்வைல சீக்கிரம் கெட்டு போகும், அடிக்கடி மாத்தணும். ரப்பரே இல்லாம காது வாசல்ல சும்மா தொங்குற மாடல் வச்சிருக்கீங்களா, அதுல பேஸ் அவ்வளவுதான், ரொம்ப எதிர்பாக்காதீங்க.

டெஸ்ட் பண்ண நான் வச்சிருக்குறது நல்லா ரெக்கார்ட் பண்ணுன ஒரு சிங்காரி மேளம். நம்ம ஊர்ல கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் நேர்ல கேட்டு பழகுன சத்தம்ங்குறதால ஏமாத்த முடியாது. செண்டை மேளம் நெஞ்சுல இடிக்கணும், இலத்தாளம்ங்குற ஜால்ரா காத குத்தாம ஜல்லுன்னு கேக்கணும், ரெண்டும் ஒண்ணா கொழஞ்சு போகக்கூடாது.

ஸ்டெப் 2: குறும்பி

கூச்சப்படாதீங்க, எல்லார் பட்ஸ்லயும் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் கொறைஞ்சா பெரும்பாலும் கேடு இல்ல, சத்தம் வர்ற வலைல காது அழுக்கு அடைச்சிருக்கும். ரப்பர கழட்டி, வலை கீழ பாக்குற மாதிரி புடிச்சு காஞ்ச மெல்லிசு பிரஷால தட்டி எடுங்க. ஊசி, சேப்டி பின் எதையும் உள்ள விடாதீங்க, வாயால ஊதவும் வேண்டாம், ஊதுனா அழுக்கு இன்னும் உள்ளதான் போகும். ரப்பர மட்டும் தனியா சோப்பு தண்ணில கழுவி நல்லா காய வச்சு மாட்டுங்க.

கொளச்சல், முட்டம் பக்கம் கடக்கரைல இருக்குறவங்களுக்கு இன்னொண்ணு. உப்பு காத்துலயும் வேர்வைலயும் கேஸ்ல இருக்குற சார்ஜ் பின் கறுத்து போயி ஒரு பட்ஸ் சார்ஜே ஏறாம கெடக்கும், நம்ம ஸ்பீக்கர் போச்சுன்னு நெனப்போம். வாரத்துக்கு ஒருக்க காஞ்ச துணியால தொடச்சா போதும்.

ஸ்டெப் 3: போன்

புளூடூத்ல பாட்ட சுருக்கி அனுப்புற முறைக்கு பேரு கோடெக். எஸ்பிசி எல்லாத்துலயும் இருக்கும், ஐபோன்ல ஏஏசி, நெறைய ஆண்ட்ராய்டுல சோனியோட எல்டிஏசியும் இருக்கும், ஆனா போன் பட்ஸ் ரெண்டுலயும் இருந்தாதான் வேலை செய்யும். ஆண்ட்ராய்டுல புளூடூத் லிஸ்ட்ல பட்ஸ் பேருக்கு பக்கத்துல இருக்குற சக்கரத்த தொட்டா எல்டிஏசிய ஆன் பண்ணுற பட்டன் வரும். அங்க இல்லன்னா போன் பத்துன விவரத்துல பில்ட் நம்பர 7 தடவ தட்டுங்க, டெவலப்பர் ஆப்ஷன் தொறக்கும், அதுல புளூடூத் கோடெக்னு இருக்கும், வேற எதையும் நோண்டாதீங்க. எல்டிஏசில 330, 660, 990 கேபிபிஎஸ்னு மூணு இருக்கு, அது ஒரு செகண்டுக்கு எவ்வளவு டேட்டா போகுதுங்குற கணக்கு. வீட்டுல 990 போடலாம், வடசேரி பஸ் ஸ்டாண்டு மாதிரி கூட்டத்துல அது விட்டு விட்டு கேக்கும், அங்க 660க்கு எறக்குங்க.

உண்மைய சொல்லணும்னா ரப்பர் மாத்துனப்போ வந்த வித்தியாசத்துல கால்வாசிகூட இதுல எனக்கு தெரியல. அத விட பாட்டு ஆப்ல டேட்டா சேவர் ஆன்ல கெடக்கான்னு பாருங்க, கெடந்தா பாட்டு தரம் கொறையும். ஸ்பாட்டிஃபைல காசு கட்டாதவங்களுக்கு 160 கேபிபிஎஸ் வரைக்கும்தான், கட்டுற பிளான் சிலதுல 320ம் கெடைக்கும், ஆனா செட்டிங்ஸ்ல நாமதான் மாத்தி வைக்கணும்.

ஸ்டெப் 4: இப்போ ஈக்வலைசர்

கூட்டாதீங்க, கொறைங்க. சத்தம் மந்தமா கொழகொழன்னு இருந்தா 250 ஹெர்ட்ஸ் பக்கம் 2, 3 டெசிபல் எறக்குங்க. "ஸ்" வர்ற எடமெல்லாம் காத கீறுனா 6,000ல இருந்து 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கொஞ்சம் எறக்குங்க. பேஸ் கூட்டியே ஆகணும்னா மொத்த அளவ, அதான் பிரீஆம்ப், அதே அளவுக்கு கொறைச்சுருங்க, இல்லன்னா கரகரன்னு உடையும். பட்ஸ் ஆப்ல ஒண்ணு, போன்ல ஒண்ணு, பாட்டு ஆப்ல ஒண்ணுன்னு மூணு ஈக்வலைசர ஒண்ணா ஓட விடுறவங்கள பாத்துருக்கேன், ஒண்ணு போதும் மக்கா.

அப்புறம் நாய்ஸ் கேன்சலிங், அதான் வெளி சத்தத்த பட்ஸே அமுக்குறது. பஸ் எஞ்சின் உறுமல் மாதிரி ஒரே சீரான சத்தத்துக்கு அது அருமை. ஆனா திருநெல்வேலி பஸ்ல ஜன்னல் சீட்டுல இருந்து ஆரல்வாய்மொழிய தாண்டும்போது அடிக்குற காத்து இருக்கே, அது வெளி மைக்குல மோதி காதுக்குள்ள புயலே அடிக்கும். அங்க அத ஆஃப் பண்ணுங்க, இல்ல ஜன்னல சாத்துங்க. சத்தத்த அமுக்க வால்யூம ஏத்தாதீங்க, உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், அதுவும் 80 டெசிபல்ல.

லேப்டாப் மீட்டிங்ல மட்டும் பழைய டெலிபோன் மாதிரி கேக்குதுன்னா பட்ஸ் மைக்க எடுத்துட்டு லேப்டாப் மைக்க செலக்ட் பண்ணுங்க, புளூடூத் மைக் ஓடும்போது சவுண்டு தரம் எறங்கிரும்.

இவ்வளவும் செஞ்சும் ஒரு பக்கம் சத்தம் கம்மியா? போன்ல அக்சசிபிலிட்டிக்குள்ள இடது வலது பேலன்ஸ் நடுவுல நிக்கான்னு பாருங்க. அதுவும் சரியா இருந்தா அந்த பட்ஸ மத்த காதுல வச்சு கேளுங்க. கேடு பட்ஸோட போச்சுன்னா பில்ல தேடி எடுத்து வாரண்டிக்கு குடுங்க, ஒட்டி வச்சிருக்குறத நீங்களே பிரிக்க வேண்டாம். எந்த பட்ஸ வச்சாலும் அதே காதுதான் கம்மின்னா கடைக்கு போகாண்டாம், ஈஎன்டி டாக்டர்ட்ட போங்க. எங்க மாமா அப்படித்தான் ரெண்டு பட்ஸ் மாத்துனாரு, கடைசில டாக்டரு காதுல இருந்து குறும்பிய எடுத்து காட்டுனப்போதான் மனுசன் ஒத்துக்கிட்டாரு.